ஒரு மாநில உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லாது: அமெரிக்காவில் பிசியோதெரபி வேலை பார்ப்போர் அறிய வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்து நம் அறக்கட்டளை அலுவலகத்தில் அமர்ந்திருந்தோம். நமதூர் வாப்பா ஒருவர் வந்தார். அவருடைய மகள் இங்கே பி.பி.டி. படித்தவர். நிக்காஹ் முடிந்து அமெரிக்கா போனார். மருமகனுக்கு டெக்சாஸ் மாநிலத்தில் கணினி வேலை. மகளும் அங்கே தேர்வெழுதி, உரிமம் பெற்று, இரண்டு வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்திருக்கிறார். பிறகு மருமகனுக்குக் கலிபோர்னியாவுக்கு மாற்றம் வந்தது. ஓர் ஏஜென்சி, "அங்கே உங்களுக்குப் பதின்மூன்று வார ஒப்பந்த வேலை தயார்" என்று சொல்ல, மகள் இருந்த வேலையை விட்டுவிட்டார். புது ஊரில் வீட்டுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் கலிபோர்னியா உரிமம் வந்து சேரவில்லை. ஒப்பந்தத் தேதி கடந்தது. ஏஜென்சி வேறு ஆளைப் போட்டுக்கொண்டது.

"தேர்வெழுதிப் பாஸான பிள்ளை. இரண்டு வருடம் வேலை பார்த்த பிள்ளை. நாடு ஒன்றுதானே, மறுபடியும் எதற்கு லைசென்ஸ்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நமதூரிலிருந்து பிசியோதெரபி படித்து வெளிநாடு போகும் பிள்ளைகள் கூடிவருவதால், இதற்கான பதிலை எல்லாக் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது என்று கருதி இந்த இதழில் விளக்குகிறோம்.

உரிமம் தருவது மாநிலம்

நம் நாட்டில் தமிழ்நாட்டில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு காஷ்மீர் வரை வண்டி ஓட்டலாம். அமெரிக்காவிலும் ஓட்டுநர் உரிமம் அப்படித்தான். ஆனால் மருத்துவத் தொழில்கள் அப்படியல்ல. நோயாளியின் உடலைத் தொட்டுச் சிகிச்சை தரும் தொழில்களை முறைப்படுத்தும் அதிகாரம் அங்கே மாநிலங்களின் கையில் இருக்கிறது. 1889-இல் டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மருத்துவர்களைப் பொறுத்து இந்த அதிகாரத்தை உறுதி செய்தது. பின்னர் வந்த பிசியோதெரபி போன்ற தொழில்களும் இதே வழியில் மாநிலச் சட்டங்களுக்குள் வந்தன.

ஆகவே ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி உரிம வாரியம், தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். அங்கே இந்தத் தொழிலுக்குப் பிசிக்கல் தெரபி என்று பெயர். உரிமம் இல்லாதவர் தம்மைப் பிசிக்கல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதும் கூடாது.

இதில் மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் அனுமதி தெரபிஸ்டிடம் இருக்க வேண்டும். தெரபிஸ்ட் டெக்சாஸ் வீட்டில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் கலிபோர்னியா நோயாளிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாலும் கலிபோர்னியாவின் அனுமதி தேவை. சம்பளம் தரும் நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறது என்பது இதில் கணக்கில் வராது.

தேர்வு ஒன்று, உரிமங்கள் பல

நல்ல செய்தி என்னவென்றால், தேர்வை மாநிலத்துக்கு மாநிலம் திரும்ப எழுத வேண்டியதில்லை. என்.பி.டி.இ. எனப்படும் தேசியத் தேர்வை எல்லா மாநிலங்களும் ஏற்கின்றன. மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பான எஃப்.எஸ்.பி.பி.டி. அதை நடத்துகிறது. 200 முதல் 800 வரையிலான மதிப்பெண் அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. ஒருவர் பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறையும், வாழ்நாளில் மொத்தம் ஆறு முறையும்தான் இதை எழுத முடியும். "எழுதிப் பார்ப்போமே" என்று தயாரிப்பில்லாமல் உட்காரக் கூடிய தேர்வு அல்ல இது.

ஒரு முறை தேர்ச்சி பெற்றுவிட்டால் அந்த மதிப்பெண் ஆயுளுக்கும் உடன் வரும். இரண்டாவது மாநிலத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ஏற்கெனவே உள்ள உரிமத்தின் பேரில் புது உரிமம் கேட்கிறோம். ஆனாலும் புது மாநிலம் நம்மை முதன்முதலாகப் பார்க்கிறது. அதனால் கோப்பை முதலிலிருந்து திறக்கும். பொதுவாக அது கேட்பவை இவை:

முதலாவது, தேசியத் தேர்வு மதிப்பெண். இதைக் கூட்டமைப்பே நேராக அந்த மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். நாம் எடுத்த நகல் செல்லாது.

இரண்டாவது, முன்பு உரிமம் பெற்ற ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் சரிபார்ப்புக் கடிதம். காலாவதியான பழைய உரிமமாக இருந்தாலும் அதையும் குறிப்பிட வேண்டும். "அது முடிந்துபோனதுதானே" என்று விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

மூன்றாவது, படித்த கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் விவரங்கள்.

நான்காவது, கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி சோதித்தல். பல மாநிலங்களில் இது கட்டாயம்.

ஐந்தாவது, அந்த மாநிலத்தின் பிசியோதெரபிச் சட்டம் குறித்த தனித் தேர்வு. டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இது உண்டு. உதவியாளரிடம் எதை ஒப்படைக்கலாம், மருத்துவரின் சீட்டு இல்லாமல் எத்தனை நாள் சிகிச்சை தரலாம், பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் இந்தத் தேர்வு.

இவற்றில் எதுவும் கடினமானதல்ல. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகத்திலிருந்து வர வேண்டும். கடைசித் தாள் வந்த பிறகுதான் கோப்பு முழுமையாகும். ஆகவே சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். நாம் மேலே சொன்ன சகோதரியின் கோப்பு நின்றதும் இங்கேதான். தெரபிஸ்டின் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு தாள் வரவில்லை, அவ்வளவுதான்.

பெயர் என்னும் பெரிய தடை

அந்தத் தாள் ஏன் வரவில்லை என்று பார்த்தால், காரணம் நம் வீடுகளில் அன்றாடம் காண்பதுதான். பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும். பட்டச் சான்றிதழில் 'பாத்திமா' என்பதற்கு ஓர் எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் வேறொரு எழுத்துக்கூட்டல், கூடவே கணவர் பெயர். நம் ஆண் பிள்ளைகளின் 'முஹம்மது' என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். நமக்கு அது ஒரே பெயர். அங்கே கணினியில் தேடும் அலுவலருக்கு அது வேறு வேறு ஆள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு இன்னொரு சங்கடம். அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்க எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகளைப் போட்டுவிடுவார்கள். பிறகு அதுவே பெயர்போல ஓட்டுநர் உரிமம், வங்கி, தொழில் உரிமம் எல்லாவற்றிலும் தொற்றிக்கொள்ளும்.

ஆகவே பிசியோதெரபியோ, நர்ஸிங்கோ, எது படிக்கும் பிள்ளையாக இருந்தாலும், பிளஸ் டூ சான்றிதழ் வரும் காலத்திலேயே எல்லாச் சான்றுகளிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது இரு கட்டங்களையும் நிரப்புங்கள். நிக்காஹுக்குப் பின் பெயர் மாற்றுவதாக இருந்தால் அதற்கான ஆவணத்தைப் பத்திரமாக வையுங்கள். புது மாநிலத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதல் தாளோடு அதையும் சேர்த்து அனுப்பினால் பல வாரங்கள் மிச்சமாகும்.

மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம்

இவ்வளவு சிரமத்தைக் குறைக்க மாநிலங்களே ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன. பி.டி. காம்பாக்ட் என்பது அதன் பெயர். 2018-ஆம் ஆண்டு முதல் இதன்படி அனுமதிகள் வழங்கப்படுகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றி இதில் சேர்ந்துள்ளன. டெக்சாஸ் அவற்றில் ஒன்று. கலிபோர்னியா இதை எழுதும் வேளையில் சேரவில்லை.

இது செயல்படும் விதம் எளிது. நாம் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த மாநிலத்தின் முழு உரிமம் நம்மிடம் இருக்க வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நம்மீது இருக்கக் கூடாது. போக நினைக்கும் மாநிலமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கட்டணம் செலுத்தி, அந்த மாநிலம் கேட்டால் சட்டத் தேர்வையும் முடித்துவிட்டால், மாதக்கணக்கில் காத்திருக்காமல் பணி செய்யும் அனுமதி கிடைத்துவிடும். பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊர் மாறி வேலை செய்யும் பயண தெரபிஸ்டுகளுக்கு இது பெரும் வசதி.

ஆனால் இந்த அனுமதி வீட்டு மாநிலத்தின் உரிமத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் கொடி போன்றது. அந்த உரிமம் காலாவதியானால் இதுவும் போகும். குடியிருப்பை ஒப்பந்தத்தில் இல்லாத மாநிலத்துக்கு மாற்றிவிட்டால் கையில் இருந்த அனுமதிகள் எல்லாம் செல்லாமல் போகும். நம் சகோதரியின் விஷயத்தில் நடந்தது இதுதான். டெக்சாஸிலிருந்து ஒப்பந்த மாநிலம் ஒன்றுக்குப் போயிருந்தால் பாதை எளிதாக இருந்திருக்கும். கலிபோர்னியா என்பதால் முழு விண்ணப்பமும் போட வேண்டியதாயிற்று. ஆகவே குடும்பத்துடன் மாநிலம் மாறும் முடிவை எடுக்குமுன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அந்த மாநிலம் காம்பாக்ட்டில் இருக்கிறதா?

இங்கே படித்துவிட்டுப் போவோருக்கு

நம் பிள்ளைகள் பெறுவது பி.பி.டி. பட்டம். நம் மாநிலத்தில் பெரும்பாலும் சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தருவது. அமெரிக்காவில் இப்போது இத்தொழிலுக்கான நுழைவுப் பட்டம் முனைவர் நிலையிலான டி.பி.டி. எனவே நம் படிப்பு அதற்கு ஈடானதுதானா என்று பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எஃப்.சி.சி.பி.டி. என்ற அமைப்பு இந்த மதிப்பீட்டைச் செய்யும் முக்கிய அமைப்பு. குறைவு காணப்பட்டால் கூடுதல் பாடங்கள் படித்து நிரப்ப வேண்டும். ஆங்கிலத் திறனுக்கு டோஃபல் தேர்வும் உண்டு. இவை முடிந்த பின்தான் தேசியத் தேர்வு.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டை இன்னொரு மாநிலம் அப்படியே ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மீண்டும் மதிப்பீடு கேட்கலாம். அப்போது இங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடியும் முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் விவரம் போக வேண்டும். பிள்ளை அங்கே, அலைவது இங்கே இருக்கும் வாப்பாவோ காக்காவோதான். பாடத்திட்டப் புத்தகம், மருத்துவமனைப் பயிற்சி நேரச் சான்று ஆகியவற்றை ஊரை விட்டுப் போகுமுன்பே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பயண வேலையும் விசாவும்

"வாரம் இத்தனை டாலர், வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் தனிப்படி" என்ற விளம்பரங்களைப் பார்த்து, இங்கிருந்து நேரே பயண தெரபிஸ்ட் வேலைக்குப் போகலாமா என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்தவரை, முதல் அடியாக வைக்கத் தக்க இடமல்ல அது.

எச்1பி விசாவில் போகிறவருக்கு வேலை செய்யும் இடமும் அனுமதியின் ஒரு பகுதி. வேறு பகுதிக்கு மாற்றினால் நிறுவனம் திருத்த மனு போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊர் மாறும் வேலைக்கு இது எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்பதை யோசித்துப் பாருங்கள். மேலும் 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்1பி மனுக்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. பச்சை அட்டை வழியில் பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒரு சலுகை உண்டு. தொழிலாளர் துறையிடம் "உள்ளூரில் ஆள் இல்லை" என்று நிரூபிக்கும் கட்டத்தைத் தாண்டிவிடலாம். ஆனாலும் இந்தியாவில் பிறந்தோருக்கான வரிசை மிக நீளம், பத்தாண்டுகளுக்கு மேல். எவ்வழியில் போனாலும் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவப் பணியாளர் சான்று ஒன்றும் தனியே தேவை. உரிமமும் இந்தச் சான்றும் ஒன்றல்ல.

பச்சை அட்டை உடையவர்களுக்கும், கணவரின் விசா வழியாக வேலை அனுமதி பெற்றவர்களுக்கும் இந்தக் கட்டு இல்லை. பயண வேலை அவர்களுக்கே பொருந்தும். அவர்களும் படிப்பணத்துக்கு வரி இல்லை என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். நிலையான வீடு ஒன்றைச் செலவு செய்து பராமரித்து, அதை விட்டுத் தற்காலிகமாக வெளியூரில் தங்கினால்தான் அந்த விலக்கு. வீட்டையே காலி செய்துவிட்டு ஊர் ஊராகப் போனால் விலக்கு கிடையாது.

எச்1பியில் இருப்போர் தம் உரிமை ஒன்றையும் அறிய வேண்டும். வேலையில் சேர்ந்த பின், உரிமம் இன்னும் வரவில்லை என்றோ வேலை ஒதுக்கவில்லை என்றோ சொல்லி நிறுவனம் சம்பளத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அது சட்ட மீறல்.

நாம் சொல்லும் யோசனை

மாநிலம் மாற வேண்டியிருந்தால், உரிமம் கைக்கு வந்த பிறகே பழைய வேலையை விடுங்கள். ஏஜென்சியின் வாய்வார்த்தையை நம்பி வீட்டு முன்பணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு மாநில வாரியத்தின் இணையதளத்திலும் பெயரைப் போட்டுத் தேடினால் உரிமம் வழங்கப்பட்டதா என்று யாரும் பார்க்கலாம். அங்கே பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். உரிமக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா? உரிமம் தாமதமானால் தொடங்கும் தேதி தள்ளுமா, ரத்தாகுமா? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

விண்ணப்பத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். பழைய வழக்கு, பழைய ஒழுங்கு நடவடிக்கை எதையும் மறைக்காதீர்கள். மாநிலங்கள் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓரிடத்தில் விழுந்த கறை எல்லா இடத்துக்கும் கூடவே வரும். உரிமம் வருமுன் "ஒரு வாரம்தானே" என்று நோயாளியைத் தொடுவதும் அப்படிப்பட்ட கறைதான். எந்த நிறுவனம் சொன்னாலும் செய்யக் கூடாது.

வீட்டு உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள். டெக்சாஸில் இரண்டு ஆண்டுக்கு 30 அலகு, நியூயார்க்கில் மூன்று ஆண்டுக்கு 36 மணி நேரம் என்று தொடர்கல்வி விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் நாளில் வாரியத்தின் தளத்தைப் பார்ப்பதே முறை.

கடைசியாக, பணம். ஏஜென்சிக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்காதீர்கள். மதிப்பீடு, தேர்வு, உரிமம் ஆகியவற்றுக்கான கட்டணங்கள் அந்தந்த அமைப்புக்கு நேரடியாகச் செலுத்தக் கூடியவை. இடையில் ஒருவர் தேவையில்லை. கட்ட முடியாத பிள்ளைகள் நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு எழுதலாம். கட்டண ரசீதும், எந்த மாநிலம், என்ன நிலை என்ற விவரமும் இணைத்தால் போதும்.

நாம் முதலில் சொன்ன சகோதரியின் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க, திருத்திய மதிப்பெண் விவரத்தை அவருடைய வாப்பா சென்னைக்கு இருமுறை போய் வாங்கி அனுப்பினார். உரிமம் வந்தது. அந்தப் பழைய ஒப்பந்தம் போய்விட்டது. வேறொரு வேலை கிடைத்தது. இடையில் போனது சம்பளமில்லாத பதினொரு வாரங்களும் வீட்டு முன்பணமும். "முன்னமே தெரிந்திருந்தால்" என்று அவர் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதினோம். உங்கள் வீட்டிலோ உறவிலோ இத்துறையில் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பேசுவோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்